மின்காருக்குக் கம்பளி போர்த்திய கதை

2024 ஜனவரி. அமெரிக்காவின் சிகாகோ நகரம் குளிரில் விறைத்துக் கிடந்தது. வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்கிவிட்டது. மின்கார்களுக்கு சார்ஜ் ஏற்றும் நிலையங்களில் நீளமான வரிசை. வரிசையில் காத்திருக்கும்போதே சில கார்களில் இருந்த கொஞ்சநஞ்ச சார்ஜும் தீர்ந்து, நின்ற இடத்திலேயே படுத்துவிட்டன. இடம் கிடைத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஒயரைச் செருகிவிட்டு வெகுநேரம் காத்திருந்தும் சார்ஜ் ஏறவில்லை. கடைசியில் இழுவை வண்டிகள் வந்து இழுத்துப் போயின. "மின்கார் எல்லாம் குளிர் தேசத்துக்கு ஆகாது" என்று தீர்ப்பு எழுதுபவர்களுக்கு நல்ல தீனி!

ஆனால் அதே 2024ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் விற்ற புதிய கார்களில் 88.9 சதவீதம் மின்கார்கள். நார்வே ஒன்றும் வெயில் பூமி அல்ல, பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலும் இல்லை. அங்கே ஓடுகிறது, இங்கே ஏன் நிற்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு கதைக்குள் இருக்கிறது.

மின்கார் ஏதோ நேற்று வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தயாரான கார்களில் நீராவியில் ஓடியவை 1,681, மின்சாரத்தில் ஓடியவை 1,575, பெட்ரோலில் ஓடியவை வெறும் 936. பெட்ரோல் கார்தான் கடைசி பெஞ்ச்!

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் குளிர்காலம் மின்காருக்குச் சாதகமாகவே இருந்தது. பெட்ரோல் காரைக் கிளப்ப முன்பக்கம் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றவேண்டும். குளிரில் எண்ணெய் கெட்டியாகிவிட்டால் கைப்பிடி லேசில் சுற்றாது. சுற்றும்போது எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து விரிந்தால் குழாய் வெடிக்கும். மின்காரிலோ ஏறி உட்கார்ந்து ஒரு நெம்புகோலைத் தள்ளினால் போதும், வண்டி நகர்ந்துவிடும். இரவு இரண்டு மணிக்கு நோயாளி வீட்டிலிருந்து ஆள் வந்தால் உடனே கிளம்பவேண்டிய டாக்டர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டு ஓட்டியதே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்கார்தான். பெட்ரோல் கார்களின் சக்கரவர்த்தி வீட்டிலேயே இந்த நிலைமை!

அதற்காக அந்தக் கால பேட்டரிகளுக்குக் குளிரே உறைக்கவில்லை என்று அர்த்தமில்லை. பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வினை. குளிர்ந்தால் எந்த ரசாயன வினையும் மந்தமாகும். பிரான்சின் காஸ்டன் பிளான்டே 1859இல் கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரியும் அப்படித்தான். அதில் இன்னொரு வினோதம் உண்டு. முழு சார்ஜில் இருக்கும்போது அமிலம் அடர்த்தியாக இருப்பதால் மைனஸ் 50 டிகிரியில்கூட உறையாது. சார்ஜ் தீர்ந்துவிட்டாலோ உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழே போனாலே உறைந்து, பெட்டியைப் பிளந்துவிடும். தாமஸ் ஆல்வா எடிசன் பல வருடங்கள் போராடிக் கொண்டுவந்த நிக்கல்-இரும்பு பேட்டரி பல தலைமுறைக்கு உழைக்கும் என்று பெயர் வாங்கியது. ஆனால் குளிர் என்றால் அது ஈய பேட்டரியைவிட மோசமாகச் சோர்ந்துபோகும். அந்த நாளில் இதற்குப் பெரிய வைத்தியம் எதுவும் கிடையாது. இரவில் வண்டியைக் கதகதப்பான காரேஜுக்குள் விடுவது, பகலில் ஊருக்குள்ளேயே ஓட்டுவது, அவ்வளவுதான். காரேஜின் சுவர்தான் பேட்டரிக்குக் கம்பளி.

1912இல் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி சுற்றும் வேலை ஒழிந்தது. மின்காரின் பெரிய அனுகூலமும் அதோடு போயிற்று. மலிவான பெட்ரோலும் ஃபோர்டின் மாடல் டி காரும் சேர்ந்துகொள்ள, 1930களின் இறுதிக்குள் மின்கார் அநேகமாக மறைந்தே போனது.

மின்கார் போனாலும் குளிர் போகவில்லை. அலாஸ்கா, கனடா, வட டகோடா பக்கம் பெட்ரோல் கார்களே காலையில் எழுந்திருக்க மறுத்தன. வட டகோடாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர், எஞ்சின் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மின்சாரத்தால் சூடாகும் ஒரு ஹீட்டரைப் பொருத்தினார். 1949இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ராத்திரி முழுக்க ஒயரைச் செருகி வைத்தால் காலையில் எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும். கூடவே பேட்டரியைச் சுற்றிக் கட்ட மின்சாரக் கம்பளிகளும் புழக்கத்துக்கு வந்தன. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் வாகன நிறுத்தங்களில் வரிசையாக மின் பிளக்குகள் இருக்கும். பெட்ரோல் காரை பிளக்கில் செருகுகிறார்களே என்று வெளியூர்க்காரர்கள் விழிப்பது வழக்கம். ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் இதே பழக்கம்தான். ராத்திரி வண்டியை விட்டுவிட்டு வந்தால் ஒயரைச் செருகவேண்டும் என்பது அந்த ஊர் ஜனங்களுக்கு மின்கார் வருவதற்கு முன்பே கைவந்த பழக்கம்.

நார்வேயில் மின்கார் மறுபடி வந்த கதை சுவாரசியமானது. 1989இல் 'ஆ-ஹா' என்ற பாப் இசைக் குழுவினரும், சுற்றுச்சூழல் போராளி ஃபிரெட்ரிக் ஹவ்கேயும், மின்சாரத்துக்கு மாற்றப்பட்ட ஒரு ஃபியட் பாண்டா காரை நாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சுங்கச்சாவடியில் காசு கட்ட மறுத்து மறுத்து ஓட்டினார்கள். அபராதம் சேர்ந்து அரசு காரைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டது. அவர்கள் தரப்பே அதைத் திரும்ப ஏலத்தில் எடுத்தது! 1997இல் மின்கார்களுக்குச் சுங்கக் கட்டணம் ரத்தானது. 2001இல் மதிப்புக் கூட்டு வரியும் விலக்கப்பட்டது. வரி போனது சரி, குளிர்?

அங்கேதான் மிக விசித்திரமான ஒரு பேட்டரி வருகிறது. பெயர் ஸீப்ரா. 1980களில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் யோஹான் கூட்ஸர் குழுவினர் உருவாக்கியது. சோடியமும் நிக்கல் குளோரைடும்தான் சரக்கு. இது வேலை செய்யவேண்டுமானால் உள்ளே சுமார் 270 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக, உப்பு உருகிய நிலையில் இருக்கவேண்டும். அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைத் தூக்கி காருக்குள் வைத்த மாதிரி! ஃபிளாஸ்க் போல வெற்றிடச் சுவர் வைத்த பெட்டி என்பதால் வெளியே தொட்டால் சுடாது. உள்ளே இவ்வளவு சூடு இருக்கும்போது வெளியே மைனஸ் 20 என்றால் என்ன, பிளஸ் 40 என்றால் என்ன? ஆஸ்லோவுக்கும் துபாய்க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. 2008இல் வெளிவந்த நார்வேயின் 'திங்க் சிட்டி' என்ற குட்டிக் கார் இந்த பேட்டரியோடு கிடைத்தது.

ஆனால் சூடாக இருப்பதற்கு விலை உண்டு. ஓட்டாத நேரத்திலும் அது சூட்டைக் காக்க மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். பிளக்கில் செருகியிருந்தால் பரவாயில்லை. செருகாமல் பல நாள் விட்டால் தன் சார்ஜைத் தானே தின்றுதீர்த்துக் கடைசியில் ஆறிப்போகும். ஆறி உறைந்ததை மறுபடி சூடேற்றி உருக்க ஒரு நாள் போலப் பிடிக்கும். திங்க் நிறுவனம் 2011இல் திவாலானது. அதற்கு ஸீப்ராவைக் காரணம் சொல்லமுடியாது. என்றாலும் கார் உலகம் அதற்குள் வேறு பேட்டரிக்குத் தாவிவிட்டது.

அதுதான் லித்தியம்-அயனி. 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை குறைவு, சக்தி அதிகம். குளிரில் மட்டும் இரண்டு விதமாகப் படுத்தும்.

முதலாவது சாதாரணமானது. உள்ளே உள்ள மின்பகு திரவம் குளிரில் கெட்டிப்படும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும் (அந்த எண்ணெய் போல இது முழுவதும் உறைவதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்). அயனிகள் தட்டுத் தடுமாறி நகரும். சக்தி உள்ளேயே இருக்கும், வெளியே எடுக்க முடியாது. சூடானால் திரும்பக் கிடைத்துவிடும்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையே போய் உட்காரவேண்டும். பூஜ்ஜியத்துக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் ஏற்றினால், உள்ளே நுழைய நேரமில்லாமல் கிராஃபைட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வராது. பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். ஊசி போல வளர்ந்து குத்தினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட். அதனால்தான் காரிலுள்ள கணினி, பேட்டரி சில்லிட்டிருந்தால் சார்ஜை வேண்டுமென்றே மெதுவாக்குகிறது, சில நேரம் மறுத்தே விடுகிறது. சிகாகோவில் "சார்ஜ் ஏறவில்லை" என்று திட்டியவர்களில் பலருடைய கார்கள், உண்மையில் தம் பேட்டரியின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன.

நிறுவனங்கள் இதை ஆளுக்கொரு விதமாகக் கையாண்டன. ஜெனரல் மோட்டார்ஸ் 1996இல் தன் ஈவி1 காரைக் கலிஃபோர்னியா, அரிசோனா போன்ற வெதுவெதுப்பான மாநிலங்களில் மட்டும் குத்தகைக்கு விட்டது. குளிரோடு சண்டை போடாமலே தப்பிக்கும் வழி! 2010 டிசம்பரில் வந்த அதே நிறுவனத்தின் செவர்லே வோல்ட் காரில், பேட்டரிக்கு இடையே திரவத்தை ஓடவிட்டு சூடாக்கவும் குளிர்விக்கவும் ஏற்பாடு இருந்தது. அதே மாதம் வந்த நிஸான் லீஃபில் அப்படித் திரவ ஏற்பாடு எதுவும் கிடையாது. அமெரிக்காவில் விற்ற முதல் லீஃப்களில் பேட்டரி ஹீட்டரே இல்லை, 2012 மாடலில்தான் அது எல்லாக் கார்களுக்கும் வந்தது. அதுவும் பேட்டரி சுமார் மைனஸ் 17க்கு இறங்கும்போது விழித்து, மைனஸ் 10 வந்ததும் தூங்கிவிடும். கதகதப்பாக வைப்பதல்ல, செத்துப்போகாமல் காப்பதுதான் அதன் வேலை.

2013 பிப்ரவரியில் இந்த விஷயம் பெரிய சண்டையாகவே வெடித்தது. நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜான் புரோடர் டெஸ்லா மாடல் எஸ் காரில் குளிரில் நெடுந்தூரம் போனார். இரவு கனெக்டிகட் மாநிலத்தின் குரோட்டன் ஊரில் காரை நிறுத்தியபோது, இன்னும் 90 மைல் ஓடும் என்று திரை காட்டியது. காலையில் பார்த்தால் 25 மைல்! அந்தப் பயணம் இழுவை வண்டியில் முடிந்தது. கட்டுரை வந்ததும் ஈலான் மஸ்க் கொதித்தெழுந்தார். காரின் பதிவுகளை வெளியிட்டு, நிருபர் சரியாக சார்ஜ் ஏற்றவில்லை என்றார். நிருபர் நல்லெண்ணத்தோடுதான் ஓட்டினார், ஆனால் அவருடைய சில முடிவுகள் சரியில்லை என்று அப்பத்திரிகையின் வாசகர் பிரதிநிதி எழுதினார். யார் சரி என்ற அடிதடியில் முக்கியமான ஒன்று அமுங்கிப்போனது. அன்றிரவு காரை ஒரு சாதாரண பிளக்கில் செருகி வைத்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. அதைச் செய்யவேண்டும் என்று ஒரு புது ஆளுக்குத் தெரியாது. நார்வேக்காரருக்கோ, ஃபேர்பேங்க்ஸ்காரருக்கோ யாரும் சொல்லித்தரத் தேவையிருந்திருக்காது.

ஆராய்ச்சியாளர்களும் சும்மா இருக்கவில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சாவ்-யாங் வாங் குழுவினர் 2016 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். வெளியிலிருந்து ஏன் சூடாக்கவேண்டும்? பேட்டரிக்குள்ளேயே 50 மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு நிக்கல் தகடு. குளிர்ந்திருந்தால் மின்சாரம் முதலில் அதன் வழியாகப் பாய்ந்து சூடாக்கும். மைனஸ் 20இலிருந்து பூஜ்ஜியத்துக்கு வர 20 விநாடி. செலவு, கொள்ளளவில் 3.8 சதவீதம் மட்டும்!

டெஸ்லா வேறு வழியில் போனது. 2017இல் வந்த மாடல் 3 காரில் பேட்டரிக்கென்று தனி ஹீட்டர் கிடையாது. மோட்டாரையே வேண்டுமென்று திறன் குறைவாக இயக்கி, அதில் வீணாகும் சூட்டைத் திரவத்தின் வழியே பேட்டரிக்கு அனுப்புகிறார்கள். 2019இல் இன்னொன்று சேர்ந்தது. காரின் வழிகாட்டித் திரையில் சார்ஜ் நிலையத்தைக் குறித்துவிட்டால், போகிற வழியிலேயே பேட்டரி சூடேறத் தொடங்கும். சிகாகோவில் பலர் தவறவிட்டது இதைத்தான். தெரிந்த நிலையம்தானே என்று திரையில் குறிக்காமலே போனால், காருக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஓட்டுநர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வீட்டில் செருக இடமில்லாமல் பொது நிலையத்தையே நம்பி இருப்பவர்கள் குளிரில் இரட்டிப்பாக அவதிப்படுகிறார்கள். மணிக்கணக்கில் வரிசையில் நின்றால் சூடேற்றிய பேட்டரியும் ஆறித்தானே போகும்?

2020இல் நார்வேயின் வாகன ஓட்டிகள் சங்கமான என்ஏஎஃப், 20 மின்கார்களைப் பனிச்சாலையில் ஒன்றாக ஓட்டிப் பார்த்தது. அறிவிக்கப்பட்ட தூரத்தைவிட சராசரியாக 18.5 சதவீதம் குறைவாகவே அவை ஓடின. அந்த முடிவு ஒளிவுமறைவின்றி வெளியானது. நார்வேக்காரர்கள் அதைப் படித்தார்கள், அந்த 18.5 சதவீதத்தைக் கழித்துக் கணக்குப் போட்டார்கள், தொடர்ந்து மின்காரே வாங்கினார்கள். ராத்திரி வீட்டு வாசலில் ஒயரைச் செருகிவிட்டு, காலையில் கிளம்புவதற்கு அரைமணி முன்னால் போனிலிருந்தே காரைச் சூடாக்கச் சொல்கிறார்கள். அந்தச் சூட்டுக்கு ஆகும் மின்சாரம் பேட்டரியிலிருந்து போவதில்லை, சுவரிலிருந்து வருகிறது.