மூன்றாம் பிரிவு (வடக்கு): இங்கிலாந்தின் மறைந்த மண்டலக் கால்பந்து லீக், 1921–1958

முன்னுரை

இங்கிலாந்துக் கால்பந்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் முதல் பிரிவுப் பட்டங்களையும் வெம்ப்ளி இறுதி ஆட்டங்களையுமே பின்தொடர்கிறார்கள். அந்த வரலாற்றில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறாத ஒரு போட்டி உண்டு. பருத்தி ஆலைகளையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் கப்பல் கட்டும் துறைகளையும் நம்பி வாழ்ந்த வட இங்கிலாந்துச் சிறுநகரங்களுக்காக 1921இல் தொடங்கப்பட்டு, 1958இல் கலைக்கப்பட்ட 'மூன்றாம் பிரிவு (வடக்கு)' அது. போரால் நின்றுபோன ஆண்டுகளைக் கழித்தால் 30 சீசன்கள் முழுமையாக நடந்தன.

இந்தப் பிரிவு ஏன் தோன்றியது, எப்படி இயங்கியது, ஏன் மறைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வடக்குப் பிரிவின் குறை அது மண்டல அளவில் நின்றதில் இல்லை. மேலே ஏறவும் கீழிருந்து நுழையவும் அது வைத்திருந்த வழி மிகக் குறுகலாக இருந்ததே குறை என்பது இதன் வாதம்.

தோற்றம்

1888இல் 12 கிளப்புகளுடன் தொடங்கிய ஃபுட்பால் லீக், லங்காஷயரையும் மத்திய இங்கிலாந்தையும் சேர்ந்த அமைப்பாகவே பிறந்தது. 1892இல் இரண்டாம் பிரிவு வந்தது. தெற்கில் சதர்ன் லீக் தனி வலிமையுடன் வளர்ந்தது. முதல் உலகப் போர் முடிந்தபின், 1920இல், சதர்ன் லீகின் உயர் பிரிவு ஏறக்குறைய அப்படியே ஃபுட்பால் லீகின் மூன்றாம் பிரிவாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டது. லீகின் பிறப்பிடமான வடக்கில் இருந்த சிறு கிளப்புகளுக்கு அந்த ஆண்டு அத்தகைய வாய்ப்பு கிடைக்கவில்லை. இந்தச் சமனின்மையைச் சரிசெய்யவே 1921இல் வடக்குப் பிரிவு அமைக்கப்பட்டது. ஏற்கெனவே இருந்த மூன்றாம் பிரிவு 'தெற்கு' எனப் பெயர் பெற்றது. அதில் ஓராண்டு ஆடிய கிரிம்ஸ்பி டவுன் வடக்கிற்கு மாற்றப்பட்டது.

முதல் சீசனில் 20 கிளப்புகள் ஆடின: ஆக்ரிங்டன் ஸ்டான்லி, ஆஷிங்டன், பாரோ, செஸ்டர்ஃபீல்ட், குரூ அலெக்சாண்ட்ரா, டார்லிங்டன், டர்ஹம் சிட்டி, கிரிம்ஸ்பி டவுன், ஹாலிஃபாக்ஸ் டவுன், ஹார்ட்லிபூல்ஸ் யுனைடெட், லிங்கன் சிட்டி, நெல்சன், ராச்டேல், சவுத்போர்ட், ஸ்டேலிபிரிட்ஜ் செல்டிக், ஸ்டாக்போர்ட் கவுண்டி, டிரான்மியர் ரோவர்ஸ், வால்சால், விகன் பரோ, ரெக்சம். இரண்டாம் பிரிவிலிருந்து இறங்கிவந்த ஸ்டாக்போர்ட் முதல் பட்டத்தை வென்றது. மற்றவற்றில் பெரும்பாலானவை நார்த் ஈஸ்டர்ன் லீக், சென்ட்ரல் லீக், மிட்லண்ட் லீக், லங்காஷயர் காம்பினேஷன் போன்ற வட்டாரப் போட்டிகளிலிருந்து வந்தவை. 1923இல் எண்ணிக்கை 22 ஆனது. 1950இல் ஸ்கன்தார்ப் யுனைடெட்டும் ஷ்ரூஸ்பரி டவுனும் சேர்க்கப்பட்டு 24 ஆனது.

பயணச் செலவே மண்டலப் பிரிவுக்கான முதன்மைக் காரணம். வாயில் வசூலை நம்பிப் பிழைத்த ஒரு கிளப்பை வடகிழக்குக் கடற்கரையிலிருந்து தென்மேற்கு மூலையிலுள்ள பிளிமத் வரை ரயிலில் அனுப்பினால், ஒரு பயணமே பல வார வருமானத்தை விழுங்கிவிடும். வடக்கிற்குள்ளேயே ஆடினால் செலவு குறைந்தது; பக்கத்து ஊர்ப் பகையும் கூட்டத்தை இழுத்தது. கிறிஸ்துமஸ் நாளிலும் அதற்கு மறுநாளும் ஒரே இரு அணிகள் மாறி மாறி ஒருவர் ஊரில் மற்றவர் ஆடும் வழக்கத்திற்கும் இந்த அண்மை வசதியாக இருந்தது.

எல்லைக்கோடு மட்டும் நிலையாக இல்லை. எத்தனை கிளப்புகள் இறங்கிவருகின்றன என்பதைப் பொறுத்து நடு இங்கிலாந்துக் கிளப்புகள் வடக்கிற்கும் தெற்கிற்கும் மாற்றப்பட்டன. வால்சால், மான்ஸ்ஃபீல்ட் டவுன், போர்ட் வேல் ஆகியவை இரு பிரிவுகளிலும் ஆடியவை. கோவென்ட்ரி சிட்டி 1925–26இல் ஒரே ஒரு சீசன் வடக்கில் ஆடிவிட்டுத் தெற்கிற்குப் போனது.

ஒரே ஒரு இடம்

வடக்குப் பிரிவின் இயல்பைத் தீர்மானித்தது ஒரு விதி. முதலிடம் பெறும் கிளப் மட்டுமே இரண்டாம் பிரிவுக்கு உயர முடியும். தெற்கிலும் அப்படியே. எனவே மூன்றாம் நிலையில் இருந்த நாற்பதுக்கு மேற்பட்ட கிளப்புகளுக்கு ஆண்டுக்கு இரண்டே இடங்கள் இருந்தன. இந்த விதியின் கடுமைக்குத் தெற்குப் பிரிவில் பிளிமத் ஆர்கைல் சான்று: 1921–22 முதல் 1926–27 வரை தொடர்ந்து ஆறு முறை இரண்டாமிடம் பெற்றும் அது உயர முடியவில்லை. வடக்கில் ராச்டேல் 1924, 1927 ஆகிய ஆண்டுகளில் இரண்டாமிடம் பெற்று அங்கேயே நின்றது. 1921இல் சேர்ந்த 20 கிளப்புகளில் ஆக்ரிங்டன் ஸ்டான்லி, பாரோ, குரூ, ஹாலிஃபாக்ஸ், ஹார்ட்லிபூல்ஸ், ராச்டேல், சவுத்போர்ட், ரெக்சம் ஆகிய எட்டும் 1958 வரை ஒருமுறைகூட மேலே போகாமல் அந்தப் பிரிவிலேயே இருந்தன.

பார்ன்ஸ்லி, டான்காஸ்டர் ரோவர்ஸ், லிங்கன் சிட்டி மூன்றும் தலா மூன்று முறை பட்டம் வென்றன. ஏறுவதும் இறங்குவதும் மீண்டும் ஏறுவதும் இவற்றின் வழக்கமானது. நெல்சனின் உயர்வு இவற்றிலிருந்து வேறுபட்டது. லங்காஷயரின் சிறிய நெசவாலை நகரமான அது 1922–23இல் பட்டம் வென்று, அதே ஆண்டு ஸ்பெயினுக்குப் பயணம் செய்து, ரியல் மாட்ரிட் அணியை அதன் ஊரிலேயே 4–2 என்று வீழ்த்தியது. இரண்டாம் பிரிவில் ஒரு சீசன் மட்டுமே அது தாக்குப்பிடித்தது.

வாக்கெடுப்பும் வறுமையும்

மேலே ஏறும் வழி ஒற்றை இடமாக இருந்தது என்றால், கீழ்வாசல் வாக்கெடுப்பால் காக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் கடைசி இரண்டு இடம் பெற்றவை லீகின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மறுதேர்தலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் கிளப்புகளும் அதே இடங்களுக்குப் போட்டியிடலாம். முடிவு செய்தவை முதல் இரண்டு பிரிவுகளின் முழு உறுப்பினர் கிளப்புகளே. மூன்றாம் பிரிவுக் கிளப்புகள் 'இணை உறுப்பினர்கள்'. அவற்றுக்குச் சமமான வாக்குரிமை இல்லை. தங்கள் தலைவிதியைத் தாங்களே தீர்மானிக்க முடியாத நிலையில்தான் அவை முப்பது சீசன்களும் ஆடின.

வாக்குகள் பெரும்பாலும் உள்ளே இருப்பவர்களுக்கே விழுந்தன. 1931–32இல் ராச்டேல் தொடர்ந்து 17 ஆட்டங்களில் தோற்று, 40 ஆட்டங்களில் 11 புள்ளிகள் மட்டுமே எடுத்தது. ஆனாலும் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது. ஹார்ட்லிபூல்ஸ் தன் வரலாற்றில் 14 முறை மறுதேர்தலைச் சந்தித்துப் பிழைத்தது. வடக்குப் பிரிவிலிருந்து வாக்கால் வெளியேற்றப்பட்டவை நான்கே: 1928இல் டர்ஹம் சிட்டி, 1929இல் ஆஷிங்டன், 1931இல் நெல்சன், 1951இல் நியூ பிரைட்டன். அவற்றின் இடத்தில் முறையே கார்லைல் யுனைடெட், யார்க் சிட்டி, செஸ்டர், வொர்க்கிங்டன் வந்தன.

இந்த நான்கில் முதல் மூன்றும் ஒரே காலத்தில், ஒரே வகையான ஊர்களிலிருந்து வீழ்ந்தவை. டர்ஹமும் ஆஷிங்டனும் வடகிழக்கு நிலக்கரி வட்டாரத்தைச் சேர்ந்தவை. 1926ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் முடிந்தாலும் சுரங்கத் தொழிலாளரின் போராட்டம் ஏழு மாதம் நீடித்துத் தோல்வியில் முடிந்தது. வீட்டில் அடுப்பெரியாத சனிக்கிழமைகளில் கால்பந்து டிக்கெட்டுக்குக் காசு எங்கிருந்து வரும்? நெல்சனின் கதையில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1913இல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த சுமார் 700 கோடி கெஜம் பருத்தித் துணியில் ஏறத்தாழ 300 கோடி கெஜம் இந்தியாவுக்கு வந்தது. இந்திய ஆலைகளின் வளர்ச்சி, ஜப்பானியப் போட்டி, உலகப் பொருளாதார மந்தம், 1930இல் வலுத்த அந்நியத் துணிப் புறக்கணிப்பு எல்லாம் சேர்ந்து அந்தச் சந்தையைச் சுருக்கின. காந்தியடிகள் 1931 செப்டம்பரில் லங்காஷயருக்குச் சென்று ஆலைத் தொழிலாளரைச் சந்தித்த அதே ஆண்டில்தான் நெல்சன் லீகிலிருந்து வெளியேறியது. ஊரின் விளையாட்டு ஆர்வமும் அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தது: 1929 முதல் மேற்கிந்திய வீரர் லியரி கான்ஸ்டன்டைன் நெல்சன் கிரிக்கெட் கிளப்பில் ஆடி, பெருங்கூட்டத்தை ஈர்த்துக்கொண்டிருந்தார்.

வாக்குக்குக் காத்திராமல் தாமாகவே விலகியவை இரண்டு. ஸ்டேலிபிரிட்ஜ் செல்டிக் இரண்டே சீசன்களில், 1923இல், விலகியது. விகன் பரோ 1931 அக்டோபரில், 12 ஆட்டங்கள் ஆடிய நிலையில், கடன் தாங்காமல் வெளியேறியது. ஃபுட்பால் லீக் வரலாற்றில் சீசன் நடுவே விலகிய முதல் கிளப் அதுதான். அது ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் அனைத்தும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. மறு ஆண்டே அந்த ஊரில் விகன் அத்லெட்டிக் தொடங்கப்பட்டு அதே ஸ்பிரிங்ஃபீல்ட் பார்க் மைதானத்தில் ஆடியது. அது லீகுக்குள் நுழைய 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆட்டத்தின் தரம்

கீழ்ப் பிரிவு என்பதால் ஆட்டமும் கீழானது என்று முடிவுகட்டுவது தவறு. பர்கன்ஹெட்டில் பிறந்த டிக்ஸி டீன் வடக்குப் பிரிவில் டிரான்மியருக்காக ஆடித்தான் பெயர் பெற்றார். 1925 மார்ச்சில் 3,000 பவுண்டுக்கு எவர்ட்டனுக்குச் சென்ற அவர், 1927–28இல் முதல் பிரிவில் 60 கோல் அடித்தார். அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. 1925இல் ஆஃப்சைடு விதி தளர்ந்தபின் வடக்கில் கோல்கள் குவிந்தன. பிராட்ஃபோர்ட் சிட்டி 1928–29இல் 128 கோல் அடித்துப் பட்டம் வென்றது. மான்ஸ்ஃபீல்டின் டெட் ஹார்ஸ்டன் 1936–37இல் 55 கோல் அடித்தார். 1934 ஜனவரியில் ஸ்டாக்போர்ட், ஹாலிஃபாக்ஸை 13–0 என்று வென்றது.

1935ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் ஆட்டங்கள் இந்தப் பிரிவின் போக்கை அருகிருந்து காட்டுகின்றன. கிறிஸ்துமஸ் அன்று ஓல்ட்ஹாம் அத்லெட்டிக் தன் மைதானத்தில் டிரான்மியரை 4–1 என்று தோற்கடித்தது. மறுநாள் அதே இரு அணிகளும் டிரான்மியரின் பிரெண்டன் பார்க்கில் மோதின. டிரான்மியர் 13, ஓல்ட்ஹாம் 4. பதின்மூன்றில் ஒன்பது கோல்களை அடித்தவர் பன்னி பெல். ஒரு பெனால்டியைத் தவறவிடாமல் இருந்திருந்தால் பத்தாகியிருக்கும். ஒரே ஆட்டத்தில் 17 கோல்கள் என்பது லீக் சாதனை.

எஃப்.ஏ. கோப்பையில் வடக்குக் கிளப்புகள் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தன. 1933 ஜனவரியில் வால்சால், அந்த சீசனில் முதல் பிரிவுப் பட்டம் வென்ற ஆர்சனலை 2–0 என்று வெளியேற்றியது. 1954இல் போர்ட் வேலும் 1955இல் யார்க் சிட்டியும் அரையிறுதி வரை சென்றன. போர்ட் வேல் அதே 1953–54 சீசனில் 46 லீக் ஆட்டங்களில் 21 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்துப் பட்டத்தையும் வென்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பன்னிரண்டு சீசன்களே இந்தப் பிரிவின் பொற்காலம். 1946–47இல் டான்காஸ்டர் 42 ஆட்டங்களில் 33 வெற்றியுடன் 72 புள்ளிகள் எடுத்தது. 1946இல் டார்பி கவுண்டிக்கு எஃப்.ஏ. கோப்பையை வென்று தந்த இருவர், ரெய்ச் கார்ட்டரும் பீட்டர் டோஹர்ட்டியும், ஆட்டக்கார மேலாளர்களாக இந்தப் பிரிவுக்கு வந்தனர். கார்ட்டர் ஹல் சிட்டிக்கு 1949இலும் டோஹர்ட்டி டான்காஸ்டருக்கு 1950இலும் பட்டம் பெற்றுத் தந்தனர். வீரர்களின் சம்பளத்துக்கு எல்லாப் பிரிவுகளிலும் ஒரே உச்சவரம்பு இருந்ததால், பெரிய கிளப்பை விட்டு இறங்கிவருவது அன்று அவ்வளவு பெரிய இழப்பாக இல்லை. பின்னாளில் லிவர்பூலைப் பெரிய கிளப்பாக உயர்த்திய பில் ஷாங்க்லி மேலாளர் தொழிலைக் கற்றதும் இங்கேதான். 1949 முதல் 1955 வரை கார்லைல், கிரிம்ஸ்பி, வொர்க்கிங்டன் என மூன்று வடக்குக் கிளப்புகளில் அவர் பணியாற்றினார்.

கலைப்பு

1948–49இல் லீக் ஆட்டங்களைப் பார்த்தோர் 4 கோடியே 12 லட்சத்துக்கு மேல். அதன்பின் கூட்டம் குறையத் தொடங்கியது. பட்டத்துக்கு வாய்ப்பில்லை என்று ஜனவரியிலேயே தெரிந்துவிட்ட கிளப்புக்கு மீதி ஆட்டங்கள் வெறும் சடங்காயின. போக்குவரத்து மேம்பட்டதால் தொலைவு என்ற பழைய காரணமும் வலுவிழந்தது. மண்டலப் பிரிவுகளைக் கலைத்து, தேசிய அளவில் மூன்றாம், நான்காம் பிரிவுகளை அமைக்க லீக் முடிவு செய்தது.

இதனால் கடைசி சீசனான 1957–58இல் எல்லோருக்கும் ஒரு குறிக்கோள் கிடைத்தது. முதலிடம் பெற்ற ஸ்கன்தார்ப் இரண்டாம் பிரிவுக்கு உயர்ந்தது. 2 முதல் 12ஆம் இடம் வரை பெற்றவை புதிய மூன்றாம் பிரிவுக்கும், மற்றவை நான்காம் பிரிவுக்கும் சென்றன. இந்தப் புதிய இரண்டு பிரிவுகளுக்கு இடையே நான்கு கிளப்புகள் ஏறலாம், நான்கு இறங்கலாம் என்றானது. முப்பது சீசன்களாகக் கிடைக்காத அசைவு ஒரே ஆண்டில் வந்தது.

அந்த அசைவு எல்லோரையும் காப்பாற்றவில்லை. கடைசி சீசனில் இரண்டாமிடம் பெற்ற ஆக்ரிங்டன் ஸ்டான்லி, நாலே ஆண்டுகளில், 1962 மார்ச்சில், கடனில் மூழ்கி லீகை விட்டு விலகியது. கேட்ஸ்ஹெட் 1960இலும் பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூ 1970இலும் பாரோ 1972இலும் வொர்க்கிங்டன் 1977இலும் சவுத்போர்ட் 1978இலும் வாக்கெடுப்பில் இடமிழந்தன. 1961இல் சம்பள உச்சவரம்பு நீங்கியபின் பணக்காரக் கிளப்புக்கும் ஏழைக் கிளப்புக்கும் இடையிலான தூரம் ஆண்டுதோறும் கூடியது.

முடிவுரை

வடக்குப் பிரிவு தன் முதல் கடமையைச் செய்தது. சுரங்கமும் ஆலையும் மூடிக்கொண்டிருந்த காலத்தில் சிறுநகரங்களின் பெயரை ஒவ்வொரு சனிக்கிழமையும் தேசியப் பட்டியலில் இடம்பெறச் செய்தது. அது தவறிய இடம், தகுதிக்கு வழிவிடாமல் வாக்குக்கும் ஒற்றை இடத்துக்கும் முடிவை ஒப்படைத்தது. இதற்கு வரலாறே சான்று தருகிறது. வாக்கால் வெளியேறிய டர்ஹம் சிட்டி, ஆஷிங்டன், நெல்சன், நியூ பிரைட்டன் ஆகிய நான்கில் ஒன்றுகூட லீகுக்குத் திரும்பவில்லை. 1987இல் வாக்கெடுப்பு ஒழிந்து, கடைசி இடம் பெறுவது தானாகவே இறங்கும் முறை வந்தபோது முதலில் இறங்கியது, வடக்குப் பிரிவில் மூன்று முறை பட்டம் வென்ற லிங்கன் சிட்டி. மறு ஆண்டே அது ஆடி வென்று திரும்பியது. ஆக்ரிங்டனின் பெயர் 2006இலும் பாரோவின் பெயர் 2020இலும் அதே வழியில் லீகுக்கு மீண்டன. சிறிய கிளப்புகளைக் காக்க விரும்பும் எந்த லீகும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்: ஆடித் திரும்பும் வழி திறந்திருந்தால் கீழிறக்கம் ஒரு கிளப்பின் முடிவாகாது.