காணிக்கைப் பெட்டியும் கணக்கும்

‘இது கடவுளின் செயல்’ என்று கிறிஸ்தவர்கள் சொன்னால், மனிதக் கை படாமல் ஏதோ நடந்ததாகச் சொல்கிறார்கள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அப்படியல்ல என்பதற்கு ஜெர்மனியின் ஹாலே அனாதை இல்லம் நல்ல சான்று. ஹாலேயை ஒட்டிய கிளௌக்காவில் 1692இல் போதகரானவர் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. பத்தாண்டுக்கு முந்தைய கொள்ளைநோயும் மலிந்துகிடந்த மதுக்கடைகளும் அந்தப் புறநகரைச் சீரழித்திருந்தன. 1695இல் அவர் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் யாரோ போட்ட 4 தாலர் 16 குரோஷன் காசைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கத் துணிந்தார். 27 புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தார். திரும்பி வந்தவை நான்குதான். மற்றவற்றைப் பிள்ளைகள் வைத்துக்கொண்டார்கள் அல்லது விற்றுவிட்டார்கள். மீண்டும் வாங்கி, இம்முறை பள்ளியிலேயே வைத்துக்கொண்டார். 1698இல் அனாதை இல்லத்தின் பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தனையையும், தொலைந்த புத்தகங்கள் உட்பட, கடவுளின் அடிச்சுவடுகள் என்று 1701இல் அச்சிட்டு வெளியிட்டார்.

பிராண்டன்பர்க் ஆட்சியாளர் வரிச்சலுகை தந்தார், இல்லத்தின் மருந்துக்கடையும் புத்தகக்கடையும் சம்பாதித்தன, இதில் கடவுள் எங்கே வந்தார் என்று கேட்கலாம். பிராங்கே இவற்றை மறைத்திருந்தால் அந்தக் கேள்வி அவரை வீழ்த்தியிருக்கும். அவரோ சலுகையையும் விற்பனையையும் அருளின் வழிகளாகவே எண்ணினார். படைப்புகளின் மூலமாகவே கடவுள் செயல்படுகிறார் என்பது 13ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் விளக்கிய கருத்து. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய, ஹாலேயில் படித்த மறைப்பணியாளர் சீகன்பால்குவும் டென்மார்க் அரசர் அனுப்பித்தான் வந்தார். அதனால் தம்மை அனுப்பியவர் கடவுள் அல்ல என்று அவர் நினைக்கவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எது நடந்தாலும் கடவுள் செயல் என்றால், அதைப் பொய்யென்று காட்ட வழியே இல்லை. உதவி வந்துசேராத வீடுகளைப் பற்றி யாரும் புத்தகம் போடுவதுமில்லை. உண்மைதான். பணம் ஏன் வந்தது என்பதற்கு ‘கடவுளின் செயல்’ என்ற சொல் விளக்கமாகாது. ஆனால் நாலே தாலரை நம்பி ஒருவர் ஏன் பள்ளி தொடங்கினார், வந்த காசுக்கு ஊரறியக் கணக்குச் சொல்லும் கடமை தமக்கு உண்டென்று ஏன் கருதினார் என்பதை அது இல்லாமல் விளக்க முடியாது. கடவுள் தந்த பணத்தை வைத்திருப்பவர் வெறும் பொறுப்பாளர். பிராங்கே வெளியிட்ட அந்தப் புத்தகமே மேலும் நன்கொடை வரவழைக்கும் நல்ல விளம்பரமாகவும் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஹாலேயில் படித்த ஜார்ஜ் முல்லர் 1836இல் பிரிஸ்டலில் அனாதை இல்லம் தொடங்கியபோது, கடவுளைத் தவிர யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று விதி வைத்துக்கொண்டார். ஆண்டறிக்கைகளை மட்டும் அச்சிட்டுக்கொண்டே இருந்தார்.