மென்னோட்டாமையின் உடலளவும் நீரின் காலமும்

உளுந்தூர்பேட்டையைச் சூழ்ந்த ஏரிப் பிரதேசத்தில் மென்னோட்டாமை என்றால் மக்கள் கண்டறிந்தது பெரும்பாலும் பாலாமைதான். ஓட்டின் நீளம் 35 சென்டிமீட்டரை எட்டுவதே அரிதான இந்தச் சிறு ஜந்துவுக்கும், அதே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் 60 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும் லீத் மென்னோட்டாமைக்கும் உள்ள வேற்றுமையை வெறும் இனவேற்றுமை என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. ஆயினும், ஒரு நீர்நிலை ஆண்டில் எத்தனை மாதம் நீர் தாங்குகிறது என்பதே அங்கு எவ்வளவு பெரிய ஆமை ஜீவிக்கக்கூடும் என்பதை முதன்மையாக நிர்ணயிக்கிறது என்பது என் துணிபு.

கல்வராயன் மலையில் உற்பத்தியாகும் மணிமுத்தாறும் கோமுகியும், உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் கெடிலமும் மழையாறுகளே. ஐப்பசி, கார்த்திகையில் கலங்கல் வழியும் ஏரிகள் வைகாசிக்குள் வண்டல் வெடித்துக் கிடப்பது இங்கே இயல்பு. இந்த வறட்சிக்கென்றே அமைந்ததுபோன்ற சரீரம் பாலாமையினுடையது: அடியோட்டின் பின்புறத்தில் தொங்கும் தோல்மடல்கள் பின்னங்கால்களை மூடிக்கொள்ள, முன்புறமும் அடைபட, அது சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கிறது, நீர் வற்றினால் தரைவழியே அடுத்த குட்டையைத் தேடிச் செல்வதும் உண்டு. நத்தை, தவளை, மீன், நீர்ப்பூண்டு, செத்த பிராணி என எதையும் அது தள்ளுவதில்லை. முட்டைக்குள்ளே கருவின் வளர்ச்சி சிலகாலம் தடைப்பட்டு நின்று, குஞ்சு வெளிவர ஒன்பது மாதம்வரைகூட ஆகலாம் என்பதும் பருவமழையை நம்பிய வாழ்வுக்குப் பொருந்துவதே. (ஆமைப் பார்ப்பு தாயின் முகம் நோக்கி வளர்வதாக ஐங்குறுநூற்றுப் புலவர் கற்பித்தது அழகுதான், ஆனால் முட்டையிட்டு மூடியதும் தாய் போய்விடுகிறது, பார்ப்பு அதன் முகத்தைக் காண்பதில்லை.)

லீத் மென்னோட்டாமையின் நிலை வேறு. பம்பாயில் மருத்துவராயிருந்த லீத் என்பவரின் பெயரால் 1872-இல் விலங்கியலாளர் கிரே இதனை வருணித்தார். தக்காணத்து நதிகளிலும், தமிழகத்தில் காவிரி, பவானி, மாயாறு ஆகியவற்றிலும் வாழ்வது இது. பாலாமையின் தோல்மடல்கள் இதற்கு இல்லை. கெட்டித் தகடுகளற்ற தோலோட்டைத் தாங்கி மணலில் புதைந்து, நீண்ட கழுத்தை மட்டும் உயர்த்தி மூக்கு நுனியால் காற்றை வாங்குவதும், நீருக்குள் இருக்கையில் தோல்வழியும் தொண்டைவழியும் ஓரளவு சுவாசிப்பதும் மென்னோட்டாமைகளின் பொது வழக்கம். அத்தகைய வாழ்வுக்கு நீரும் மணலும் ஒருசேர வேண்டும். உடல் பெருத்த அளவுக்கு இரையும் ஆண்டு முழுதும் வேண்டும். ஆகவே கோடையிலும் வற்றாத மடுவும் அதனருகே முட்டையிடத்தக்க கரையும் சேர்ந்திருக்கும் இடமே இதற்கு வீடாகும். வெடித்த ஏரிப்படுகையில் இத்தனை பெரிய சரீரம் நான்கு மாதம் புதைந்து கிடந்து மீளும் என்று எண்ண எனக்கு ஆதாரம் எதுவும் தெரியவில்லை.

பெரிய ஆமை அருகியதற்கு வேட்டையே காரணம், வாழிடத்தைப் பேசுவது வீண் என்று மறுப்போர் உண்டு. இறைச்சிக்காகப் பிடிக்கப்படுவது உண்மையே. மெதுவாக முதிரும் ஜந்துவில் முட்டையிடும் பெண்ணைப் பிடித்தால் இழப்பு பல தலைமுறைக்கு ஈடாகாது. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய சர்வதேச வனவுயிர் வாணிப உடன்படிக்கையின் 19-ஆவது மாநாடு, இந்தியாவின் முன்மொழிவை ஏற்று இவ்வினத்தை முதல் இணைப்பில் சேர்த்ததும் நியாயமே. ஆனால் அது எல்லை கடக்கும் வாணிபத்தைத் தடுக்குமேயன்றி, லாரிகளில் ஏறிச்செல்லும் மணலைத் தடுக்காது. மணல் அள்ளப்பட்ட ஆற்றில் மடு தூர்ந்தும் கரை சரிந்தும் போனபின், வேட்டையாடுவோர் ஒருவரும் இல்லாவிடினும் முட்டையிட இடமில்லை.

அப்படியானால் கோமுகி அணை, மணிமுத்தாநதி அணை போன்ற நீர்த்தேக்கங்கள் மடுவுக்கு ஈடாகாவா? நீர் நிற்கும் காலத்தை அணை நீட்டுகிறது என்பது சரி; ஆனால் பாசனத்துக்கு மதகு திறக்குந்தோறும் விளிம்பு விலகுவதும், வரத்து வந்தால் அது மீண்டும் ஏறிவருவதுமான கரையில் இட்ட முட்டை மூழ்கிக் கெடும். ஆகையால் தென்பெண்ணையிலோ வெள்ளாற்றிலோ பெரிய மென்னோட்டாமையைத் தேட விரும்பும் ஆய்வாளர், வெள்ளம் தணிந்ததும் வலை வீசுவதற்கு முன், சித்திரைக் கடைசியில் எந்த மடுவில் எவ்வளவு ஆழம் நீர் எஞ்சுகிறது, அதன் கரையில் மணல் உண்டா என்பதை ஊர்வாரியாகக் குறிப்பதே முறை.