சோளக்கதிரில் ஒரு டிரான்ஸ்பர் ஆர்டர்

மக்காச்சோளம் என்றால் நமக்கு மஞ்சள்தான். ஊதா முத்துகள் உள்ள ரகங்களும் உண்டு. சில கதிர்களில் வெளிறிய முத்துகள் மேல் மை தெளித்த மாதிரி ஊதாப் புள்ளிகள் இருக்கும். நாமாக இருந்தால் "அழகா இருக்கே" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்போம். பார்பரா மெக்ளின்டாக் என்ற பெண்மணி, இந்தப் புள்ளி எப்படி வந்தது என்று கேட்டார். அதற்கு அவர் கண்டுபிடித்த பதிலுக்காக நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 81!

1902-ல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தவர். 1927-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். 1940களில் நியூயார்க் பக்கத்தில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் சோளம் பயிரிட்டு, செடிகளுக்குத் தானே மகரந்தம் சேர்த்து, கதிர் கதிராகக் கணக்கு வைத்தார். மரபணுக்கள் என்பவை மாலையில் கோத்த பாசிமணிகள், இருந்த இடத்திலேயே இருக்கும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது.

நான் படித்தது பி.காம்., அதனால் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். லெட்ஜரில் 40-ஆம் பக்கத்தில் இருந்த ஒரு வரி, மறுநாள் 112-ஆம் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தால்? ஆடிட்டர் நம்மை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். சோளத்தில் நடந்தது அதுதான். நிறம் தரும் மரபணுவுக்கு நடுவில் ஒரு டி.என்.ஏ. துண்டு வந்து உட்கார்ந்துகொண்டால் நிறம் போச்சு, முத்து வெளிறிவிடும். முத்து வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு எழுந்து போய்விட்டால் மரபணு மறுபடி வேலை செய்யும். அந்தச் செல்லும் அதன் வாரிசுகளும் ஊதா. சீக்கிரம் கிளம்பினால் பெரிய புள்ளி, தாமதமாகக் கிளம்பினால் சின்னப் புள்ளி. இன்னொன்று, அந்தத் துண்டு தானாகக் கிளம்பாது. டிரான்ஸ்பர் ஆர்டர் கொடுக்க 'ஆக்டிவேட்டர்' என்ற வேறொரு துண்டு இருக்க வேண்டும்.

1950-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1951-ல் ஒரு கருத்தரங்கில் விளக்கிப் பேசினார். அரங்கில் பெரிய வரவேற்பு இல்லை.

"பெண் என்பதால் யாரும் காது கொடுக்கவில்லை" என்றே இந்தக் கதையைப் பலர் சொல்கிறார்கள். வேலை விஷயத்தில் அவர் பட்ட சிரமங்கள் உண்மைதான். ஆனால் 1944-லேயே அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமி அவரை உறுப்பினராக்கியிருந்தது. 1945-ல் மரபியல் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சோளத்தில் துண்டுகள் இடம் மாறுவதை நிபுணர்கள் பலர் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு ஜீரணமாகாதது அடுத்த படி. இந்தத் துண்டுகள்தான் மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் செய்கிற சுவிட்சுகள், ஓர் உயிர் உருப்பெறுவதே இவற்றால்தான் என்றார் அவர்.

1960களின் கடைசியில் பாக்டீரியாவிலும் இப்படி இடம் மாறும் துண்டுகள் அகப்பட்டன. பிறகு ஈக்களில். இது சோளத்தின் தனிக் கிறுக்கு இல்லை என்று உலகத்துக்குப் புரிந்தது. 1983-ல் நோபல் பரிசு, யாரோடும் பங்கு போடாமல் முழுசாக. ஆனால் பரிசு இடம் மாறும் துண்டுகளைக் கண்டுபிடித்ததற்குத்தான், சுவிட்சுக்கு இல்லை. 1992-ல் அவர் காலமானார்.

சரி, மனிதனிடம்? 2001-ல் மனித மரபுத்தொகுதியின் வரைவு வந்தபோது, ஏறக்குறைய 45 சதவீதம் இந்த மாதிரி துண்டுகளும் அவற்றின் மிச்சங்களும்தான் என்று தெரிந்தது. புரதம் செய்யும் பகுதி 2 சதவீதம்கூட இல்லை. 'குப்பை டி.என்.ஏ.' என்ற பெயர் இவற்றின் மேல் ஒட்டிக்கொண்டது. இருபது வருடமாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் அந்தச் சொல் என்னைக் கொஞ்சம் உறுத்தியது!

குப்பையா, பொக்கிஷமா என்று பட்டிமன்றம் வைக்க வேண்டாம். பெரும்பாலானவை சிதைந்துபோய் சும்மா கிடக்கின்றன. சில கெடுதல் செய்யும். பெற்றோரிடம் அந்த இடத்தில் இல்லாத ஒரு துண்டு புதிதாக வந்து விழுந்ததால் குழந்தைக்கு ரத்தம் உறையாத நோய் வந்ததை 1988-ல் கண்டுபிடித்தார்கள். சில இல்லாவிட்டால் நாமே இல்லை. நஞ்சுக்கொடி உருவாகும்போது செல்களை இணைக்கும் சின்சிட்டின் என்ற புரதம், என்றோ நம் மூதாதையர் உடலில் புகுந்த வைரஸ் விட்டுப்போன மரபணுவிலிருந்து வருகிறது. அது தெரிந்தது 2000-ல்.

அந்த சுவிட்ச் விஷயம் என்ன ஆயிற்று? அவர் சொன்ன அளவுக்கு இல்லை. ஒரே விதையிலிருந்து வேரும் இலையும் வருவதற்குக் காரணம் இந்தத் தாவல்கள் இல்லை. ஆனால் மக்காச்சோளத்தின் காட்டு மூதாதை, மெக்சிகோவில் புதர் போலக் கிளை விட்டு வளரும் புல். அது ஒற்றைத் தண்டுப் பயிராக மாறியதற்கு ஒரு முக்கியக் காரணம், ஒரு மரபணுவுக்குச் சற்றுத் தள்ளி வந்து விழுந்து அதன் வேலையைக் கூட்டிவிட்ட ஒரு தாவும் துண்டு. பழங்கால விவசாயிகள் அப்படிப்பட்ட செடிகளின் விதையையே எடுத்துவைத்து விதைத்திருக்கிறார்கள். இது தெரியவந்தது 2011-ல்.

அவர் வாதாடிய சுவிட்சுகளில் ஒன்று, அவர் பயிரிட்ட சோளத்துக்குள்ளேயே அத்தனை வருடமும் இருந்திருக்கிறது.