செய்தியும் செய்கையும்

பழனிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மலையேறித் தண்டாயுதபாணியைத் தரிசித்துவிட்டு, பஞ்சாமிர்த டப்பாவும் கையுமாக ஊர் திரும்பி விடுகிறார்கள். அங்கிருந்து தென்மேற்கே ஒரு மணி நேரம் நடக்க மனமுள்ளவர்களுக்குப் பாலசமுத்திரம் என்று ஓர் ஊர் காத்திருக்கிறது. பெயரில் சமுத்திரம் இருக்கிறது. கண் நிறையத் தெரிவதோ மலை. ஒரு காலத்தில் பழனிப் பாளையக்காரர்கள் வாழ்ந்த ஊர். இப்போது பாளையமும் இல்லை, படையும் இல்லை. வயலும் தென்னந்தோப்பும் கடைத்தெருவும் ஒரு டீக்கடையும் உண்டு. என் கதை அந்த டீக்கடையில்தான் ஆரம்பமாகிறது.

காலை ஏழு மணி. மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் தினசரியை உரக்கப் படித்துக் கொண்டிருந்தார். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் கேட்டுக் கொண்டிருந்தோம். ஏதோ ஒரு நகரத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநர், தம் வண்டியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன நகைப் பையைப் போலீஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். கல்யாணத்துக்காக வைத்திருந்த நகைகளாம்.

"இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனுஷன் இருக்கானே!" என்றார் ஒருவர். "எல்லாம் கவரிங்கா இருக்கும்" என்றார் இன்னொருவர். கடையே சிரித்தது. "கவர்ன்மெண்டு இவருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்கணும்" என்று ஒரு வாலிபன் தீர்ப்பளித்தான். டீ ஆற்றிக் கொண்டிருந்தவர் கண்ணைத் துடைத்துக் கொண்டு, அடுப்புப் புகை என்று சொன்னார். அது காஸ் அடுப்பு.

பிறகு பக்கம் புரண்டது. அடுத்த செய்தி ஒரு கொலை. நல்ல செய்திக்கு எங்கள் சபை ஒதுக்கிய நேரம் ஒன்றரை நிமிஷம் இருக்கலாம்.

மற்றவர்களைப் பரிகாசம் செய்வதாக வாசகர்கள் எண்ண வேண்டாம். எனக்கும் அப்போது தொண்டையை அடைத்தது. உலகம் நல்லதுதான், மழை பெய்யக் காரணம் இருக்கிறது என்று மனத்துக்குள் ஓர் இதம் பரவியது. அந்த இதத்துக்காக நான் கொடுத்த விலை ஒரு டீயின் விலை. நல்லவர் ஒருவரைப் பற்றிக் கேட்ட சுகத்தில், நானே நல்லவனாகிவிட்டது போன்ற ஒரு பிரமையுடன் எழுந்திருக்கப் போனேன்.

பெஞ்சின் கோடியில், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். எண்பது வயது இருக்கும்.

"இப்படி ஒரு சேதியைக் கேட்டுட்டுத்தானுங்க எங்கய்யன் பழனிக்கு நடந்தாரு. வினோபா வந்த வருஷம்" என்றார்.

நான் மறுபடியும் உட்கார்ந்தேன்.

அந்த ஐயனின் கதைக்குப் பின்னால் வருகிறேன். அவரைப் பழனிக்கு நடக்க வைத்த செய்தி என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

1951-ஆம் ஆண்டு. ஹைதராபாத்துக்கு அருகே சிவராம்பள்ளியில் நடந்த சர்வோதய மாநாட்டுக்கு, வார்தாவிலிருந்து சுமார் முந்நூறு மைல் கால்நடையாகவே வந்து சேர்ந்தார் வினோபா பாவே. மாநாடு முடிந்ததும் அவர் தெலுங்கானாக் கிராமங்களுக்குள் நுழைந்தார். நிலத்துக்காக அங்கே சில வருஷங்களாக இரத்தம் சிந்திக் கொண்டிருந்தது. பகலில் போலீஸுக்கும் இரவில் புரட்சிக்காரர்களுக்கும் பயந்து ஜனங்கள் வாழ்ந்தார்கள். ஏப்ரல் 18-ஆம் தேதி போச்சம்பள்ளி என்ற கிராமத்தில், நிலமற்ற ஹரிஜனங்கள் தங்களுக்கு 80 ஏக்கர் வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். சர்க்காருக்கு எழுதலாமா என்று யோசித்த வினோபா, கூடியிருந்தவர்களைப் பார்த்து, "உங்களில் யாராவது கொடுக்க முடியுமா?" என்று கேட்டு வைத்தார். ராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து, 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார்.

கேட்டது 80, கிடைத்தது 100. ஒரு நாவலாசிரியன் இப்படி எழுதியிருந்தால், நம்பும்படி இல்லை என்று பத்திரிகாசிரியர் கதையைத் திருப்பி அனுப்பியிருப்பார். நடந்துவிட்டபடியால் செய்தியாயிற்று.

அந்தச் செய்தி எப்படிப் பரவியது என்பதும் தனிக் கதை. 1951 ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் செய்தி தெரியாமல் நம் கிராமங்கள் இருந்ததில்லை. ஒருவர் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள், நூறு பேர் வாதாடுவார்கள். தமிழ்நாட்டில் 1934-இல் பிறந்த தினமணியும், 1942-இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தியும் திண்ணைகளுக்கும் டீக்கடைகளுக்கும் வந்துவிட்ட காலம் அது. பூமிதானச் செய்தி அந்த வழியாகத்தான் ஊர் ஊராக நடந்தது.

கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? இன்றைக்கு நம் டீக்கடையில் செய்ததைத்தான். "அடடா!" என்றவர்கள் உண்டு. "பாறையையும் கரட்டையும் தானம் எழுதுவான், பட்டணத்தில் பெயர் வாங்குவான்" என்றவர்களும் உண்டு. சட்டம் போடாமல் கெஞ்சுவதாவது என்று அரசியல் தெரிந்தவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் நான்காவது வகையும் ஒன்று இருந்தது. "உனக்கு ஐந்து பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாக எண்ணிக்கொள், என் பங்கைக் கொடு" என்பது வினோபாவின் கணக்கு. அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுத் தூங்க முடியாமல் எழுந்து வந்தவர்கள் இருந்தார்கள். வடக்கே ஒரு கிராமத்தில் பார்வையற்ற ஏழை ஒருவர் இரவில் வந்து, தம் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். 1952-இல் உத்தரப் பிரதேசத்து மங்ரோத் கிராமத்தார் ஊர் நிலத்தையே பொதுவாக்கினார்கள். முதல் கிராமதானம் அதுதான். 1954-இல் புத்தகயா மாநாட்டில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் தம் வாழ்நாளையே தானம் என்று அறிவித்தார். 1957-க்குள் ஐந்து கோடி ஏக்கர் என்று இலக்கு வைத்தார்கள்.

1956 மே மாதம் காஞ்சிபுரத்தில் சர்வோதய மாநாடு கூடியது. அதிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு வினோபா தமிழ்நாட்டு மண்ணில் நடந்தார். மதுரை மாவட்டத்தில் - அந்நாளில் திண்டுக்கல்லும் பழனியும் அதைச் சேர்ந்தவைதாம் - கிராமதானம் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கியது. அந்த நவம்பரில் சர்வ சேவா சங்கத்தார் பழனியில் கூடினார்கள்.

வெற்றி விழா கொண்டாடக் கூடினார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அங்கே செய்த தீர்மானமோ வேறு. அதுவரை மாவட்டந்தோறும் பூமிதானக் கமிட்டிகள் இருந்தன. காந்தி நினைவு நிதியிலிருந்து பணம் வந்தது. அந்தப் பணத்தில் பல ஊழியர்களின் ஜீவனம் நடந்தது. கமிட்டிகளை வருஷ முடிவோடு கலைத்துவிடுவது, நிதியின் பணத்தை விட்டுவிடுவது என்று பழனியில் முடிவாயிற்று. "தந்திர முக்தி, நிதி முக்தி" என்று அதற்குப் பெயர்.

ஓடுகிற வண்டியிலிருந்து தாமாகவே மாட்டை அவிழ்த்துவிட்ட காரியம்! ஏன் செய்தார்கள்? கமிட்டி என்று ஒன்று இருக்கும் வரையில், "நல்லது செய்யத்தான் அவர்கள் இருக்கிறார்களே" என்று ஊரார் உட்கார்ந்து விடுகிறார்கள் என்பது வினோபாவின் எண்ணம். செய்தியைக் கேட்ட ஒவ்வொருவனும் தானே ஒரு கமிட்டியாக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார்.

ஆசை பலித்ததா? சரித்திரம் எழுதுகிறவன் பூசி மெழுகக் கூடாது. பல இடங்களில் வேலை படுத்துவிட்டது. ஐந்து கோடி ஏக்கர் கேட்ட இடத்தில் வாக்காக வந்தது நாற்பது இலட்சத்துச் சொச்சம். அதிலும் கணிசமான பகுதி கல்லும் கரடும் வில்லங்கமும். பயிர் செய்யும் ஏழையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது அதில் ஒரு பகுதிதான். திண்ணையில் உட்கார்ந்து பரிகாசம் செய்தவர்கள் பாதி ஜயித்துவிட்டார்கள் என்றே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மற்றப் பாதி யாருடையது? திண்டுக்கல் சீமையில், நிலமில்லாத ஏழைத் தலித் குடும்பத்தில் 1926-இல் பிறந்த கிருஷ்ணம்மாளை எண்ணிப் பாருங்கள். அவரும் கணவர் ஜெகந்நாதனும் பூமிதானத்தில் இறங்கியவர்கள். கமிட்டி கலைந்தது; அவர்கள் கலையவில்லை. 1968-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்த செய்தி வந்தபோது - அது நல்ல செய்தி இல்லை. கேட்கச் சகிக்காத செய்தி - தம்பதிகள் அந்தத் தஞ்சைக் கீழைச் சீமைக்கே போய்விட்டார்கள். 1981-இல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, மிராசுதாரர்களிடம் பேசி, வங்கியில் கடன் கேட்டு, நிலத்தை வாங்கி, உழைக்கும் பெண்களின் பெயரில் பத்திரம் எழுத வைத்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இவ்வாறு நிலம் கிடைத்தது. 2008-இல் ஸ்வீடன் நாட்டிலிருந்து 'ரைட் லைவ்லிஹுட்' பரிசு இருவருக்கும் வந்தது. அன்றைக்கு அது நமக்கு இன்னொரு நல்ல செய்தி. ஒன்றரை நிமிஷம் மகிழ்ந்திருப்போம்.

இனி, பாலசமுத்திரத்துப் பெரியவரின் தகப்பனாரிடம் வரலாம்.

"போச்சம்பள்ளிச் சேதியை யாரோ படிச்சுக் காட்டுனாங்களாம். எங்களுக்கு இருந்ததே ஒண்ணரை ஏக்கரா. ஆறில ஒண்ணு கொடுத்தா என்ன மிஞ்சும்? ஆனாலும் ஐயனுக்கு மனசு கேக்கலே. பழனிக்கு வினோபா வந்திருக்காருன்னு தெரிஞ்சதும் என்னையும் கூட்டிக்கிட்டு நடந்தாரு. கூட்டத்திலே எனக்கு ஒரு தாடிதானுங்க தெரிஞ்சுது."

"நிலத்தை எழுதிக் கொடுத்தாரா?"

"இல்லைங்க. போன மாதிரியே திரும்பி வந்துட்டோம். வழி நெடுக ஒரு வார்த்தை பேசலே. அந்தக் கோடையிலே பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கிணறு வத்திப் போச்சு. எங்களுக்கும் அவங்களுக்கும் வரப்புத் தகராறு, பேச்சு வார்த்தை கிடையாது. ஐயன் ஒரு நாள் விடிகாலையிலே கவலை பூட்டினாரு. வாய்க்காலை அவங்க காட்டுப் பக்கம் வெட்டி விட்டுட்டாரு. வாரத்திலே ரெண்டு நாள் அவங்களுக்கு இறைப்பு. அடுத்த மழை வரைக்கும் அப்படித்தான்."

"அவர்கள் என்ன சொன்னார்கள்?"

"ஒண்ணும் சொல்லலே. சோளம் அறுத்தப்போ ஒரு மூட்டை எங்க வாசல்லே இருந்துது."

எந்தப் பத்திரிகையிலும் அது வரவில்லை. பூமிதானக் கணக்கில் அதற்குப் பத்தி கிடையாது. பழனித் தீர்மானம் தோற்றது என்று எழுதுகிறவர்களுக்கும், வென்றது என்று எழுதுகிறவர்களுக்கும் அந்தக் கிணற்றைத் தெரியாது. ஐந்து கோடி ஏக்கரில் ஒரு சென்ட் கூட அதனால் கூடவில்லை. ஒரு கோடைக்கு ஒரு காடு காயாமல் இருந்தது.

தமிழில் 'செய்தி' என்ற சொல் 'செய்' என்பதிலிருந்து வந்தது. பழைய நூல்களில் அதற்குச் செயல் என்ற பொருளும் உண்டு. நாளடைவில் செய்தது போய், சொன்னது மட்டும் நின்றுவிட்டது. சொல்லின் குற்றம் அன்று அது. கேட்டுக் கொண்டே உட்கார்ந்திருந்த நம்முடைய குற்றம்.

நான் எழுந்தபோது மலைமேல் வெயில் ஏறியிருந்தது. கண்ணாடிக்காரர் இன்னும் படித்துக் கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரு மதில் விவகாரமாகப் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகிறது. அது அன்றைக்குப் பழனி பஸ்ஸில் திரும்பும்போது வழி நெடுக ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. இதை எழுதி முடித்துவிட்டு, அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்றிருக்கிறேன்.