அரியணையும் எல்லைக்கோடும்: சீக்கியர் தாயகக் கோரிக்கையின் சரித்திர மூலங்கள்

சீக்கியருக்கெனத் தனித்ததொரு நாடு வேண்டும் என்னும் கோரிக்கையை ஆராயப் புகுந்தோருள் ஒரு சாரார், 1699-ஆம் ஆண்டு வைசாகி நாளில் ஆனந்தபூரில் குரு கோவிந்த சிங் தீட்சை பெற்ற சீக்கியர் சமூகமாகிய கால்சாவை நிறுவியது முதல் இடையறாது வரும் தேசிய உணர்ச்சியின் வெளிப்பாடே அது என்பர்; மற்றொரு சாராரோ, 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீவிரவாதிகளும் அயல்நாடுகளில் குடியேறிய சிலரும் மூட்டிவிட்ட கலகம் என்று கூறி, அதற்கு வேர் ஒன்று உண்டென்பதையே மறுப்பர். சீக்கிய மரபில் அரசுரிமை பற்றிய எண்ணம் பழமையானது; அவ்வரசுரிமை இன்ன எல்லைகளுக்கு உட்பட்ட இன்ன நிலத்தில் நிலைபெற வேண்டும் என்னும் எண்ணமோ, இருபதாம் நூற்றாண்டில் ஜனத்தொகைக் கணக்கின் நெருக்கடியால் பிறந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையே இரு சாராரின் பிழைக்கும் காரணம் என்பது என் துணிபு.

ஆறாம் குருவாகிய ஹர்கோவிந்தர் மீரி, பீரி என்று இரு வாட்களைத் தரித்து, லௌகிக அதிகாரமும் ஆத்மிக அதிகாரமும் தம்மிடத்தே ஒருங்கு நின்றதை உலகுக்கு உணர்த்தினார். அமிர்தசரஸில் பொற்கோயிலாகிய ஹர்மந்திருக்கு எதிரே அவர் எழுப்பிய அகால் தக்த், காலங் கடந்த பரம்பொருளின் அரியணை எனப் பொருள்படும். அவ்வரியணைக்குக் குடிகள் உண்டு, ஆணை உண்டு. எல்லைக்கோடு மட்டும் இல்லை. 1710-இல் சர்ஹிந்தைக் கைப்பற்றிய சீக்கியப் படைத்தலைவர் பந்தா சிங் தம் பெயரை விடுத்துக் குருமார் பெயரால் நாணயம் அடித்தார். 1799-இல் லாகூரைக் கொண்டு 1801-இல் முடிசூடிய ரஞ்சித் சிங்கும் தம் ஆட்சியை 'சர்க்கார்-இ-கால்சா' என்றே வழங்கினார். பிற்காலத்தார் சீக்கிய நாடு என்று போற்றும் அந்த ராஜ்யத்தில் சீக்கியர் சிறுபான்மையினரே. அயல்நாட்டு விவகாரங்களை நடத்திய பக்கீர் அஜீஸுத்தீன் முஸ்லிம், பிரதம மந்திரியான தியான் சிங் டோக்ரா வகுப்பினர். பெரும்பான்மை உடையோரே ஆளத் தக்கவர் என்னும் நியதி அன்று யாருக்கும் தோன்றியதில்லை. வாளின் வலிமையும் அரசன் சாமர்த்தியமும் போதுமாயிருந்தன.

1849-இல் ஆங்கிலேயர் பஞ்சாபைத் தமதாக்கிக்கொண்ட பின்னர், தலைகளை எண்ணும் வழக்கமும் வந்தது. அதனோடு எழுந்த, சீக்கியர் ஹிந்துக்களில் ஒரு பிரிவா, தனிச் சமயத்தாரா என்னும் வினாவுக்கு, சீக்கியச் சீர்திருத்த இயக்கமாகிய சிங் சபையின் சார்பில் நாபாவைச் சேர்ந்த காஹன் சிங் 1898-இல் ஒரு நூலின் தலைப்பிலேயே, தாங்கள் ஹிந்துக்கள் அல்லர் என்று விடையிறுத்தார். 1919-இன் சீர்திருத்தம் பஞ்சாபில் சீக்கியருக்குத் தனித் தொகுதிகளை அளித்தது. 1925-இன் குருத்துவாராச் சட்டமோ, கோயில்களை ஆளும் தேர்தல் சபை ஒன்றையே அவர்கள் கையில் தந்தது. நிலம் இல்லாத ஒரு சமுதாயத்துக்குச் சட்டசபை போன்றதொரு ஸ்தாபனம் வாய்த்த விந்தை இது!

கோரிக்கையின் உண்மையான பிறப்பிடம் 1940-க்கும் 1947-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளே. முஸ்லிம்களுக்குத் தனி நாடு கோரிய முஸ்லிம் லீகின் லாகூர்த் தீர்மானம் வெளியானவுடன், பாகிஸ்தானுக்கும் ஹிந்துஸ்தானத்துக்கும் இடையே ஒரு தடுப்பு நாடாகக் காலிஸ்தான் அமைய வேண்டும் என்று லூதியானாவைச் சேர்ந்த டாக்டர் வீர் சிங் பட்டி ஒரு சிறு பிரசுரம் எழுதினார். அப்பெயர் எதிர்க்குரலாகவே பிறந்தது என்பது கருதத்தக்கது. 1941-இன் கணக்குப்படி ஆங்கிலேயப் பஞ்சாபில் சீக்கியர் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர். எந்த ஜில்லாவிலும் அவர்கள் பெரும்பான்மையர் அல்லர். ஆதலின் 1943-இல் சீக்கியர் கட்சியாகிய அகாலி தளத்தின் தலைவர்கள் வகுத்த 'ஆஜாத் பஞ்சாப்' திட்டம், மேற்கு ஜில்லாக்களைக் கழித்து, முஸ்லிம்கள் 40, ஹிந்துக்கள் 40, சீக்கியர் 20 என்னும் விகிதத்தில் எவரும் எவரையும் அடக்காத மாகாணம் ஒன்றைக் கோரியது. தனக்கு 20 பங்கே கேட்ட ஒரு கட்சியைப் பிரிவினைவாதி என்பது எங்ஙனம் பொருந்தும்? 1946-இல் ஆங்கிலேய மந்திரிசபைத் தூதுக்குழுவின்முன் அகாலித் தலைவர் மாஸ்டர் தாரா சிங், தாம் ஒன்றுபட்ட இந்தியாவையே விரும்புவதாகவும், நாடு பிரிக்கப்படுமாயின், இரண்டில் எதனோடும் சேரும் உரிமையுள்ள தனிச் சீக்கிய ராஜ்யம் வேண்டும் என்றும் தெரிவித்தார். அவ்வாக்கியத்தின் முற்பகுதியை ஒரு கட்சியாரும் பிற்பகுதியை மறு கட்சியாரும் மறந்துவிட்டனர்.

1947-இன் பிரிவினையில் லாகூரும், குரு நானக்கின் பிறப்பிடமாகிய நன்கானாவும், சீக்கிய உழவர் வியர்வையால் செழித்த லாயல்பூர்க் கால்வாய் நிலங்களும் பறிபோயின. அங்கிருந்து அகதிகளாய் வந்தோர் கிழக்கே குடியேறியதனால்தான், சரித்திரத்தில் முதன்முறையாக, சீக்கியர் பெரும்பான்மையராய் வாழும் தொடர்ந்த நிலப்பரப்பு ஒன்று உருவாயிற்று. தாயகத்தை இழந்தபோதே தாயகக் கோரிக்கைக்கு வேண்டிய நிலம் கிடைத்தது.

சுதந்திர இந்தியாவில் மதத்தின் பெயரால் மாநிலம் கேட்டல் இயலாதாகவே, பஞ்சாபி சூபா, அதாவது பஞ்சாபி மாகாணம், என்று மொழியின் பெயரால் கேட்டனர்; பஞ்சாபியையே வீட்டில் பேசிய ஹிந்துக்கள் பலர் குடிக்கணக்கில் தம் தாய்மொழி ஹிந்தி என்று எழுதுவித்தனர். இரு திறத்தாரும் மொழியை முகமூடியாக அணிந்தமையை மறைப்பதற்கில்லை. 1955-இல் மாநிலச் சீரமைப்புக் குழு மறுத்ததும், 1966 நவம்பர் முதல் நாளில் அரசு அளித்ததும் ஒரே கோரிக்கைதான். அளித்ததும் குறையுடையதாகவே இருந்தது: சண்டிகர் மத்திய அரசின் நேர் ஆட்சியில் நின்றது, நதிநீர்ப் பங்கீடு தீராத வழக்காயிற்று.

1973-இல் அகாலிகள் இயற்றிய ஆனந்தபூர் சாகிப் தீர்மானம், மத்திய அரசுக்குப் பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, நாணயம், போக்குவரத்து ஆகியவற்றையே விடுத்து ஏனைய அதிகாரங்களை மாநிலங்களுக்குக் கோரியது. அத்துடன், கால்சாவின் மேன்மையே அகாலி தளத்தின் இலட்சியம் என்றும் கூறியது. அம்மேன்மை அகால் தக்தின் எல்லையற்ற அரசுரிமையா, வரைபடத்தில் குறிக்கத்தக்க நாடா என்பதை அகாலிகள் வேண்டுமென்றே தெளிவுபடுத்தவில்லை. தில்லியும் கூட்டாட்சி பற்றிய பகுதியை வேறாக எடுத்து விவாதிக்கக் காலத்தே முன்வரவில்லை. அப்பகுதியை, மத்திய மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா குழுவின் ஆராய்ச்சிக்கு விடத் தில்லியும் அகாலிகளும் உடன்பட்ட 1985 ஜூலை ஒப்பந்தம், 1984 ஜூனில் அகால் தக்த் ராணுவத்தின் பீரங்கிக்கு இரையாகி, அவ்வாண்டு நவம்பரில் தில்லித் தெருக்களில் சீக்கியர் கொன்று குவிக்கப்பட்ட பின்னரே வந்தது. அதில் கையொப்பமிட்ட அகாலித் தலைவர் லோங்கோவாலும் ஒரு மாதத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். 1986 ஏப்ரல் 29-இல் காலிஸ்தானைப் பிரகடனம் செய்தவர்கள் அதனைச் செய்த இடம், ஹர்மந்திரின் வளாகமே.

அண்மைக் காலத்தில் அயல்நாடுகளிலிருந்து வெளியிடப்படும் காலிஸ்தான் படம் ஒன்றில் இந்தியப் பஞ்சாபும் அதனைச் சூழ்ந்த மாநிலங்களும் அடங்கியிருக்கின்றன. ரஞ்சித் சிங் அரசாண்ட லாகூரும், குரு நானக் பிறந்த நன்கானாவும் அதில் இல்லை.