நிலமும் பொழுதும் நீதியும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்திற்குரிய உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்துக் காட்டியவர் தொல்காப்பியர். ஒருவன் வாழும் இடத்தோடு அவன் உணவும் தொழிலும் பின்னிக் கிடக்கின்றன என்னும் உண்மை இப்பகுப்பினுள் அடங்கியிருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மானிடப் புவியியலாரும் இவ்வுண்மையை வேறொரு வழியாக வந்தடைந்தனர். வந்தடைந்தவர்கள், நல்ல இடம் யாருக்கு, அல்லாத இடம் யாருக்கு, அதனை வகுப்பவர் யார் என்ற வினாவையும் எழுப்பினர்.

அவருள் குறிப்பிடத்தக்கவர் டேவிட் ஹார்வி. இங்கிலாந்தினின்று 1969இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்குச் சென்ற அவ்வறிஞர், அங்கே ஏழைகளின் குடியிருப்புகளை ஆராய்ந்தார். 1973இல் சமூக நீதியையும் நகரத்தையும் இணைத்து ஆராயும் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். கூலி மட்டுமே ஒருவனது வருவாயன்று. வேலைக்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட தொலைவும் அவன் வருவாயைக் கூட்டவோ குறைக்கவோ வல்லது என்பது அந்நூல் உணர்த்தும் கருத்துகளுள் ஒன்று. தொலைவு என்பது வெறும் அளவையன்று. அது நீதியைச் சார்ந்தது.

இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. நாம் வாழும் இம்மும்பையே போதும். பம்பாய் என்று வழங்கிய அந்நாளில், நாற்றம் மிகுந்த தோல் பதனிடும் தொழில் நகரின் வட எல்லையில் இருந்த தாராவிச் சதுப்பு நிலத்தில் நிலைபெற்றது. அத்தொழிலை வளர்த்தவருள் தமிழர் பலர்; திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோரும் அவருள் உண்டு. யாரும் விரும்பாத நிலத்தை அவர்கள் தங்கள் உழைப்பால் மேடாக்கினர். பின்னர் நகரம் வடக்கே வளர்ந்தது, ஓரம் நடுவாயிற்று, நிலத்தின் விலையும் ஏறிற்று. மேடாக்கியவர்களுக்கு அங்கே இடமுண்டா என்ற வினா அதன் பின்னரே எழுந்தது.

இவ்வினா நீதிமன்றம் ஏறிய வரலாறு நம்மவர் ஒருவரோடும் தொடர்புடையது. சேலம் மாவட்டத்து நிலமற்ற உழவுத் தொழிலாளி ஒருவர், வறட்சியால் பிழைப்பிழந்து 1961இல் பம்பாய் வந்தார். வேதிப்பொருள் ஆலை ஒன்றில் நாட்கூலிக்கு அமர்ந்து, நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில் குடிசை அமைத்து மனைவி மக்களோடு வாழ்ந்தார். 1981 ஜூலை 13ஆம் நாள், நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப்போவதாக அந்நாளைய முதலமைச்சர் அறிவித்தார். அது மாரிக்காலம். நிலம் பறிக்கப்பட்டது மட்டுமன்று, பறிக்கப்பட்ட பொழுதும் கொடிது. அம்மாதத்திலேயே அவரது குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்தோடு சேலத்திற்குப் பேருந்தில் ஏற்றப்பட்டார். மனைவியும் மகளிரும் ஊரில் தங்க, அவர் மட்டும் வேலை தேடி மீண்டும் பம்பாய்க்குத் திரும்பி, மீண்டும் ஒரு நடைபாதையிலேயே ஒதுங்கினார். பொருள்வயிற் பிரிவைப் பாட்டிலே படித்துச் சுவைக்கும் நாம், இந்தப் பிரிவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவரும் பிறரும் தொடுத்த வழக்குகள், ஓல்கா டெல்லிஸ் என்னும் பத்திரிகையாளர் முதலியோர் தொடுத்த வழக்கோடு சேர்த்து உச்ச நீதிமன்றத்தில் விசாரிக்கப்பெற்றன. தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐவர் அமர்ந்த ஆயம் 1985 ஜூலை 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. தமிழகத்தைச் சேர்ந்த நீதியரசர் வரதராசனும் அவ்வைவருள் ஒருவர். அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையுள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அம்மன்றம் அறுதியிட்டது. வேலைக்கு அருகில் இருப்பதற்காகவே இம்மக்கள் நடைபாதையைத் தேர்கின்றனர். ஆதலின் இடம் போனால் வேலையும் போகும் என்பதை அது ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டிலேயே ஸ்பார்க் என்னும் தொண்டு நிறுவனம் ஏறத்தாழ 6,000 நடைபாதைக் குடும்பங்களைக் கணக்கெடுத்தது. அவர்களுள் பெரும்பாலோர் வேலைக்கு நடந்தே சென்றனர் என்று அக்கணக்கெடுப்பு காட்டியது.

ஆயினும் அத்தீர்ப்பு முழு வெற்றியன்று. நடைபாதையில் குடியிருக்க எவர்க்கும் உரிமையில்லை என்றும், குடிசைகளை அகற்ற மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு என்றும் அதே மன்றம் கூறிற்று. மழை ஓயும் வரை, அஃதாவது 1985 அக்டோபர் 31 வரை, அகற்றுதலாகாது என்று மட்டும் தடுத்தது. 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதிவானவர்க்கு மாற்றிடம் தரவேண்டும் என்றது. எனினும் அதனை வெளியேற்றத்திற்கு முன்நிபந்தனை ஆக்கவில்லை. அவ்வாறு குறிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று வடபுறநகரின் கோடியில் உள்ள மாலவணி. பொழுதுக்கு இரங்கிய நீதி, நிலத்தை முழுதும் வழங்கவில்லை. பிழைப்புரிமை ஏட்டில் நிலைபெற்றது. அதனை ஊன்றி நிற்க ஓரடி மண் உறுதியாகவில்லை.

இன்று நம் குடும்பங்கள் பல, அடுக்கு மாடிகளில் நலமுற வாழ்கின்றன. நம் முன்னோருள் எத்தனை பேர் இந்நகரில் முதலிரவை ஓர் உறவினரின் ஒண்டுக் குடித்தனத்திலோ இரயில் நிலையத்துத் தளத்திலோ கழித்தனர் என்பதை வீட்டு முதியோரைக் கேட்டால் அறியலாம். அன்று வேலைக்கருகில் ஓர் இடம் கிட்டிற்று. ஆதலின் நாம் வேரூன்றினோம். அவ்விடம் கிட்டாதவரும் நம்மைப் போன்றோரே. இனி ஒரு குடிசைப் பகுதி அகற்றப்படும் செய்தியைப் படிக்குங்கால், 'மாற்று வீடு கொடுத்தார்களா?' என்று கேட்பதோடு நில்லாமல், 'அது அவர்தம் வேலைக்கு எத்தனை தொலைவு?' என்றும் கேட்போமாக.